ஜாஸ் கேட்டு எழுதிய படம் சாயத் தொட்டிக்குப் போன கதை

எனக்கு வேலை நிரந்தரமாவதற்கு ஒரே ஒரு படம்தான் குறுக்கே நின்றது. அதை எப்படி எழுதினேன், அது எப்படித் தண்ணீரில் போனது, கடைசியில் என்னதான் மிஞ்சியது என்று சித்திர வகுப்புக்குப் புதிதாக வரும் டீச்சர்கள் எல்லாரும் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லி, நான் வேகவதி ஆற்றில் குதித்துப் படத்தை மீட்டதாக இப்போது ஒரு கதை உலவுகிறது. ஆற்றில் அந்த வருஷம் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன்.

பார்த்து எழுதும் கை

முப்பதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் மிஷன் பெண்கள் பள்ளியில் நான் டிராயிங் மிஸ். பெயர் ரூபவதி, ரூபி மிஸ் என்றால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். வேலை தற்காலிகம். வருஷத்துக்கு வருஷம் புதுப்பிப்பார்கள்.

அந்தக் காலத்தில் சித்திர வகுப்பு என்றால் பார்த்து எழுதுவது, அவ்வளவுதான். சீமையிலிருந்து ஒரு காப்பிப் புத்தகம் வரும். அதில் ஒரு ஜாடி இருக்கும், ஒரு கோப்பை இருக்கும், எங்கள் ஊரில் ஒருவரும் கண்ணால் கண்டிராத ஒரு கொடியின் இலை இருக்கும். அதைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். எழுதி முடித்ததும் மேலே டிரேசிங் பேப்பரை வைத்துச் சரி பார்ப்பார்கள். எங்கே கோடு விலகியதோ அங்கே மார்க் போய்விடும். நான் எழுதிய ஜாடியும் சீமை ஜாடியும் மயிரிழைகூட விலகாது. அந்தக் கர்வம் எனக்கு நிறைய உண்டு.

பள்ளி நேரம் போக, ஏகாம்பர முதலியார் என்ற பட்டு வியாபாரிக்குப் புடவை டிசைன் எழுதிக் கொடுப்பேன். பழைய புடவையைக் கொண்டு வருவார். அதிலிருக்கும் அன்னத்தையும் மயிலையும் கட்டம் போட்ட தாளில் ஏற்றித் தர வேண்டும். அதுவும் பார்த்து எழுதும் வேலைதான்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது புதிதாக ஓர் இன்ஸ்பெக்டரம்மா வந்தார். மெட்ராஸில் பி.ஏ. படித்தவர். என் ஜாடிகளையும் இலைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். டிரேசிங் பேப்பரை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்.

"கை நல்லா இருக்குது மிஸ். ஆனா இதுல உங்களுது எது?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. எல்லாம் நான் எழுதியதுதானே என்றேன்.

"எழுதினது நீங்க. படம் உங்களுது இல்லையே. அடுத்த தபா நான் வரும்போது சொந்தமா ஒரு படம் இருக்கணும். பெருசா, கலர்ல. எதையும் பார்க்காம எழுதினதா இருக்கணும். அது இருந்தா நிரந்தரம்னு எழுதிடறேன். இல்லேன்னா மெட்ராஸ்ல பாஸ் பண்ணிட்டு ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க."

பதமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது வேலையோடு முடிகிற விஷயம் இல்லை. நானும் அம்மாவும் இருந்தது பள்ளிக் காம்பவுண்டில் ஓர் அறை. வேலை போனால் அறையும் போகும். அறை போனால் சொந்த கிராமம் மாகறலுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே என் அப்பா பண்ணை ஆளாக உழைத்துச் செத்தார். அம்மாவை அந்தக் களத்துமேட்டிலிருந்து கிளப்பி டவுனுக்குக் கூட்டி வந்ததுதான் நான் என் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய காரியம். அவளை மறுபடியும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

சொந்தமாக எழுத உட்கார்ந்தேன். கோபுரம் எழுதினேன், கடையில் தொங்கும் காலண்டர் மாதிரி வந்தது. தாமல் ஏரி எழுதினேன். நான் எப்போதோ பார்த்த ஒரு சீமைப் படத்தில் இருந்த ஏரிதான் வந்தது, கரையில் பனைமரம் மட்டும் என் கைங்கரியம். பார்த்து எழுதியே பழகிய கை, எதிரில் ஒன்றும் இல்லாவிட்டாலும் எதையாவது ஞாபகத்திலிருந்து இழுத்து வைத்துக் காப்பி அடிக்கிறது. இப்படி ஒரு வியாதி எனக்கு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நர்ஸம்மா வீட்டுப் பாட்டு

மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டுகளுக்குப் பெயர்ப் பலகை எழுதக் கூப்பிட்டிருந்தார்கள். போன இடத்தில்தான் ஹெலன் நர்ஸம்மா பழக்கமானார். அமெரிக்காக்காரர். பைபிளை வைத்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். அதனால் பல் பிடுங்க வந்தவனிடம்கூட "திடன்கொள், பயப்படாதே" என்றுதான் சொல்லுவார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பலகைகளை அவர் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் காய வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கிராமபோன் பாட ஆரம்பித்தது. மிஷனில் கீர்த்தனை தவிர வேறு ஒன்றும் நான் கேட்டதில்லை. தெருப்பக்கம் சாமி புறப்பாடு போகும்போது நாயனம் கேட்டிருக்கிறேன், அதுவும் தூரத்தில் நின்று. இது இரண்டிலும் சேரவில்லை. நாயனத்துக்குத் தங்கை முறையாக வேண்டும் போல ஒரு குழல் ஒரு மெட்டை எடுத்தது. அது முடிப்பதற்குள் இன்னொரு வாத்தியம் குறுக்கே பேசியது. குழாயடியில் பெண்கள் பேசுகிற மாதிரி எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஆனால் ஒருத்தரும் வழி தவறவில்லை. கடைசியில் எல்லாரும் ஒரே வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

நான் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றுவிட்டேன். நர்ஸம்மா பார்த்துவிட்டார்.

"உள்ளே வா, ரூபவதி. இதற்கு ஜாஸ் என்று பெயர்."

"இத யாரும்மா எழுதிக் குடுத்தாங்க?"

"மெட்டு எல்லாருக்கும் தெரியும். மற்றது எழுதப்படவில்லை. ஒவ்வொருவனும் தன் இருதயத்தில் உள்ளதை வாசிக்கிறான்."

"தப்பா வாசிச்சா?"

"நாளைக்கு வேறு விதமாக வாசிப்பான்."

பிறகு இதை உண்டாக்கியவர்கள் தம் தேசத்துக் கறுப்பு ஜனங்கள் என்றும், அவர்கள் பாட்டன்மார் பருத்தி வயல்களில் அடிமைகளாக இருந்தவர்கள் என்றும் சொன்னார். மாகறல் வயலும் என் அப்பாவின் முதுகும் கண்ணில் வந்தன. பண்ணை ஆள் பேரன்கள் யாரோ எங்கேயோ உட்கார்ந்து, தங்களுக்குத் தோன்றியபடி வாசித்து, அது தட்டில் பதிந்து கப்பலேறி இந்த வராந்தா வரைக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான். நர்ஸம்மா அதே தட்டை மறுபடி வைத்தார்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் போனேன். அவர் பாட்டு வைப்பார். நான் வராந்தாவில் தாளை விரித்து எழுதுவேன். எதைப் பார்த்தும் எழுதவில்லை, பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது. கீழே முரசுக்கு ஒரு கரும் நீலம் வந்தது. அதன் மேல் ஆரஞ்சுத் துண்டுகள் தாறுமாறாக விழுந்தன. அந்தக் குழலுக்கு ஒரு மஞ்சள் கோடு, மேலே ஏறி, நடுவில் உடைந்து, வேறோர் இடத்தில் மறுபடி கிளம்பியது. இது கோபுரமும் இல்லை, ஏரியும் இல்லை. என்ன படம் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. ஆனால் என்னுடையது.

ஒரே ஒரு குறை. எல்லாவற்றையும் முதலில் பென்சிலால் வரம்பு கட்டி, அதற்குள்தான் வர்ணம் நிரப்பியிருந்தேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. பழக்கம் விடவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தபோது ஏதோ ஒன்று இறுக்கமாகத் தெரிந்தது. பாட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், ஆனால் போட்டோ எடுக்க நிறுத்தி வைத்த மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சரி, இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதலியார் கேட்டால் இல்லை என்பதா

இன்ஸ்பெக்டரம்மா திங்கட்கிழமை வருகிறார் என்று தபால் வந்துவிட்டது. அதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் மயில் புட்டா எழுதிய தாளை வாங்கிப்போக முதலியார் வந்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டார். மயிலை மறந்தார்.

"இன்னா படம்மா இது?"

"ஒரு பாட்டுங்க."

"பாட்டா? எது தலை எது காலுன்னே தெரியலையே. ஆனா அந்த நீலமும் ஆரஞ்சும் பக்கத்துல பக்கத்துல நிக்குது பாரு. மெட்ராஸ்ல ஒரு கல்யாண ஆர்டரு. பொண்ணு படிச்ச பொண்ணு, யாரும் கட்டாத கலர்ல ஒடம்பும் பார்டரும் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்குது. இத சாயக்கார சித்தய்யா கண்ணுல ஒரு தபா காட்டிட்டா நூலுக்கு அப்படியே ஏத்திக் குடுத்துடுவான்."

"திங்கக்கிழமை இத இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் காட்டணுங்க. என் வேலையே இதுலதான் இருக்குது."

"சாயங்காலம் ஒன் கைக்கு வந்துடும்மா. நான் இன்னா அத தின்னுடவா போறேன்?"

மாதா மாதம் வேலை கொடுக்கிற மனுஷர். இல்லை என்று எப்படிச் சொல்வது. எண்ணெய்க் கை படக்கூடாது, மடிக்கக்கூடாது, வெயிலில் வைக்கக்கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். தண்ணீர் என்ற வார்த்தை மட்டும் என் வாயில் வரவில்லை. ஒரு படத்தைத் தண்ணீருக்குக் கிட்டே யாராவது கொண்டு போவார்களா?

மத்தியானத்துக்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் வரை காத்திராமல் நானே சாயக் கொட்டகைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஈரத்தோடு ஈரம்

சித்தய்யா எங்கள் பக்கத்தில் பெயர் பெற்ற சாயக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அவருடைய கொட்டகையில் செப்பு அண்டாக்கள் அடுப்பில் கொதிக்கும். பக்கத்தில் நூலை அலசுவதற்கு ஒரு நீளமான சிமெண்டுத் தொட்டி.

நான் உள்ளே போனபோது சித்தய்யா அந்தத் தொட்டி அருகில் நின்றுகொண்டிருந்தார். இடது கையில் சொட்டச் சொட்ட நீலப் பட்டு நூல் கட்டு. வலது கையில் என் படம். படத்தின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த ஆள் கழியைக் கீழே போட்டுவிட்டான். ஓடிப்போய்ப் படத்தைப் பிடுங்கினேன். கீழ்ப்பாதியிலிருந்து நீலமும் ஆரஞ்சும் என் புடவை மேல் வழிந்தன.

"இன்னா காரியம் பண்ணீங்க அண்ணா? படத்த யாராவது தண்ணில போடுவாங்களா?"

அவர் முகம் செத்துப்போயிருந்தது. "அய்யோ தேவுடா. நனைச்சாத்தானேம்மா கலர் தெரியும். நூலு ஈரமா இருக்குது, மாதிரி காஞ்சு இருக்குது. ஈரத்தோட ஈரம் வெச்சிப் பார்த்தாத்தானே ஒத்துக்கினு வருதா இல்லையான்னு தெரியும். துணியா இருந்தாலும் நூலா இருந்தாலும் நான் அப்படித்தான் பார்க்குறது. போன வருஷம் ஒரு பழம்புடவையக்கூட நனைச்சித்தான் பார்த்தேன். இது இப்படி கரையும்னு எனக்குத் தெரியாதும்மா."

அவர் சொன்னது நியாயம்தான். சாயக்காரருக்கு ஈர நூல் ஒரு கலர், காய்ந்த நூல் வேறு கலர். முதலியார் இதுதான் மாதிரி என்று கையில் கொடுத்தார். மாதிரி என்று எது வந்தாலும் முதலில் தொட்டியில் முக்குவது அவர்கள் தொழில் வழக்கம். அவர் கைக்கு வந்த மாதிரி எதுவும் இதுவரை கரைந்ததில்லை. கரைகிற கலரைச் சாயம் என்றே அவர்கள் சொல்வதில்லை. ஆனால் அன்றைக்கு நியாயம் பார்க்கிற நிலையில் நான் இல்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். திங்கட்கிழமை என்றேன், இன்ஸ்பெக்டரம்மா என்றேன், மாகறல் என்றேன், அம்மா என்றேன். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. புரிந்த பாதியிலேயே மனுஷர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

படத்தை அலசு பலகை மேல் சாய்த்து வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அப்போது மண்டையில் அடித்தது. வாட்டர் கலர் பாதி நனைந்து பாதி காய்ந்து இருந்தால், தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு கோடு விழுந்துவிடும். காய்ந்த பிறகு அந்தக் கோட்டை எதனாலும் எடுக்க முடியாது. என்ன செய்வதானாலும் ஈரம் உலர்வதற்குள் செய்ய வேண்டும். அந்தக் கொட்டகைச் சூட்டில் அது ரொம்ப நேரம் இல்லை.

என்ன செய்வது என்று படத்தைப் பார்த்தேன். அழுகைக்கு நடுவில் பார்த்ததுதான். மேல்பாதி நான் எழுதியபடியே இருந்தது, வரம்பு வரம்பாக, பொத்தான் போட்ட சட்டை மாதிரி. கீழ்ப்பாதியில் வரம்பு எல்லாம் போய், நீலம் தன் இஷ்டத்துக்கு ஆரஞ்சுக்குள் நுழைந்திருந்தது. ஆரஞ்சு ஓரத்தில் கரைந்து ஒரு கபில நிறமாகி அடியில் ஓடியது. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் நர்ஸம்மா வராந்தாவில் நான் கேட்டது அதுதான். நான் எழுதிய பாதியில் அது இல்லை. தண்ணீர் தொட்ட பாதியில்தான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வாரம் உயிரைக் கொடுத்து எழுதியதைவிடத் தொட்டித் தண்ணீர் நன்றாக எழுதியிருக்கிறதே என்று. அந்தக் கோபத்தோடேயே எழுந்தேன்.

"அண்ணா, எந்திரிங்க. அந்தப் பக்கம் புடிங்க."

"எதுக்கும்மா?"

"மேல்பாதியையும் முக்கப் போறேன்."

"வேணாம்மா. இருக்கிறதாவது இருக்கட்டும். அந்தப் பாதிய மட்டும் வெட்டி எடுத்துக்கினு போய்க் காட்டும்மா."

அதுவும் ஒரு வழிதான். மேல்பாதியை வெட்டிக் காட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வேலைகூடக் கிடைத்திருக்கலாம். ஒரு நிமிஷம் கை தயங்கியது. பிறகு நானே பிடித்து முக்கினேன். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எடுத்ததும் படம் முழுக்க ஓட ஆரம்பித்தது. சித்தய்யா ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டோம். நூல் கட்டைக் கழியில் போட்டு இரண்டு பேர் ஆட்டுவார்களே, அதே மாதிரி. நீலம் போகவேண்டிய பக்கம் சாய்த்தேன், போகக்கூடாத பக்கம் போனால் திருப்பினேன். கையை ஓட்ட எனக்கு அந்த மெட்டு வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டு வாய்விட்டு முனகினேன். அண்டாக்காரன் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பான்.

"இந்தப் பக்கம் எறக்குங்க அண்ணா. போதும். இப்ப மேல."

"நீ பாடும்மா, நான் கையப் பார்த்துக்கறேன்" என்றார் அவர்.

குழலுக்கு எழுதிய மஞ்சள் கோடு மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. என் வர்ணப் பெட்டி வீட்டில். சித்தய்யாவிடம் மஞ்சள் சாயம் கேட்டேன். ஒரு கொட்டாங்கச்சியில் கொண்டு வந்தார். பென்சில் இல்லை, பிரஷ் இல்லை, வரம்பு இல்லை. விரலை முக்கி, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பில் கீழிருந்து மேலே போனேன். நடுவில் விரல் வழுக்கியது. நிறுத்தவில்லை. வழுக்கிய இடத்திலிருந்தே வேறு பக்கமாகக் கொண்டு போனேன். மஞ்சள் ஈரத்தில் பரவி, ஓரத்தில் மட்டும் பச்சையாகி நின்றது.

அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. செய்யக்கூடாது என்று கைக்கே தெரிந்தது. நிழலில் பலகை மேல் காயவிட்டு, இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தய்யா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தார். காயக் காய நெஞ்சுப் பாரம் இறங்கியது. கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போகாதது மட்டுமில்லை, இப்போதுதான் அது படமாகியிருந்தது.

"முதலியாருக்கு நூலு?" என்று கேட்டேன்.

"அது அப்பவே ஒத்துக்கினு வந்துடுச்சும்மா. கரையறதுக்கு முன்னாடியே கண்ணுல புடிச்சிட்டேன்" என்றார், தலையைக் குனிந்துகொண்டே.

திங்கட்கிழமை

இன்ஸ்பெக்டரம்மா படத்தைக் கையில் எடுத்தார். தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்னாலும் நீலம் ஊறி இருந்தது. பக்கத்தில் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் பிரார்த்தனைக்கு நிற்பது போலக் கை கட்டி நின்றார்.

"எதப் பார்த்து எழுதினது மிஸ்?"

"எதையும் பார்க்கலைம்மா. ஒரு பாட்டு. நர்ஸம்மா வீட்டு கிராமபோன்ல கேட்டது. ஜாஸ்னு சொன்னாங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் இருமினார். இன்ஸ்பெக்டரம்மா என்னையே பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. அமெரிக்கப் பத்திரிகை எதிலிருந்தாவது காப்பி அடித்திருப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். அதில் தப்பும் இல்லை. என் பழைய ஜாடிகளை அவர் பார்த்தவர்தானே.

"சரி. நான் மெட்ராஸ் வண்டிக்குப் போறதுக்குள்ள இதே மாதிரி இன்னொண்ணு எழுதிக் காட்ட முடியுமா?"

முடியும் என்று சொல்லத்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் எனக்குக் கண்ணைக் காட்டினார். எதைக் கொடுத்தாலும் அச்சாக எழுதித் தள்ளுகிறவள் நான். ஆனால் அந்த நீலம் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில் விரல் வழுக்கும் என்று எப்படித் தெரியும்?

"முடியாதும்மா."

"முயற்சி பண்ணிக்கூடப் பார்க்க மாட்டீங்களா?"

"வேற ஒண்ணு எழுதறேம்மா. இதே மாதிரி வராது. யார் எழுதினாலும் வராது, நானே எழுதினாலும் வராது."

இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "பார்த்து எழுதினவங்க யாரும் எங்கிட்ட இப்படிச் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு என் வேலைக் காகிதத்தைக் கிட்டே இழுத்தார். பேனாவைத் திறந்தார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் நிமிர்ந்து பார்த்தார்.

"இத நான் எடுத்துக்கினு போறேன் மிஸ். டிரெயினிங் ஸ்கூல் சுவத்துல மாட்டலாம். எல்லா ஊர் டிராயிங் மிஸ்ஸுங்களும் இதப் பார்த்து எழுதிப் பழகட்டும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அது பெரிய கௌரவம். பேனா காகிதத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது, இன்னும் எழுதவில்லை. ஆனால் என் கண்ணில் தெரிந்தது அந்தச் சுவரும், அதன் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களும், அவர்கள் கையில் டிரேசிங் பேப்பரும்தான். என் விரல் வழுக்கிய இடத்தில் அவர்களும் மயிரிழை பிசகாமல் வழுக்க வேண்டும். இல்லாவிட்டால் மார்க் போய்விடும்.

"அது மட்டும் வேணாம்மா" என்றேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன்?"

"பார்த்து எழுதறதுக்கு அந்தச் சீமை ஜாடியே இருக்கட்டும்மா. அவங்களுக்கு வேணும்னா அந்தப் பாட்ட வெச்சிக் காட்டுங்க. அவங்க அவங்க கேட்டு எழுதட்டும்."

நான் அவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவருக்குக் கோபமா என்ன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு குனிந்து எழுதினார், கையெழுத்துப் போட்டார், மை காய ஊதினார். படத்தை என் பக்கம் தள்ளினார்.

"அந்த நர்ஸம்மா வீடு எங்க இருக்குது? வண்டிக்கு நேரம் இருக்குது" என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இளம் டீச்சர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வகுப்பில் ஒரு பிள்ளை படத்தின் மேல் தண்ணீரைக் கொட்டிவிடும், கொட்டாத வருஷமே கிடையாது. உடனே அதைப் பிடுங்கிக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையோடு குனிந்து, ஈரம் உலர்வதற்குள் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எப்போதாவது இருக்கும். பார்த்த பிறகு என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளையின் கைக்கே விட்டுவிடுங்கள்.

அன்றைக்கு மிச்சம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மரத்தடியிலிருந்து நேராக எங்கள் அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. பானை, சட்டி, என் மாற்றுப் புடவை, அப்பாவின் பழைய போர்வை எல்லாவற்றையும் அம்மா ஒரு வேட்டியில் போட்டு மூட்டை கட்டி, அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரியாமல் காலையிலேயே கட்டியிருக்கிறாள். என் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"நிரந்தரம்னு எழுதிட்டாங்கம்மா. நாம எங்கயும் போகல" என்றேன்.

அவள் அழவில்லை. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுக்கிக் கட்டிவிட்டிருந்தாள் போல, நகம் வழுக்கியது. நானும் உட்கார்ந்து இழுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒருவழியாக அவிழ்த்தோம். பானையை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"காலையிலிருந்து ஒண்ணும் துன்னலை நீ. உக்காரு, ஒலை வெக்கறேன்."